அக்கா எழும்பாத ஞாயிறு

பூசையில் நற்கருணை நேரம் எல்லோரும் நன்மை எடுக்க எழும்பியபோது என் அக்கா எழும்பவில்லை. வரிசையில் இரண்டடி வைத்த பிறகுதான் அவள் என் பின்னால் வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மர வாங்கில், கைகளை மடியில் வைத்தபடி, பீடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட, பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் காணாதவர்கள் மாதிரி அவளைக் கடந்து போனார்கள்.

ஒரு மனுசி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பம் வாங்கப் போகாவிட்டால் உலகம் இடிந்துவிடுமா என்று வேறு ஊர்க்காரர் கேட்பார்கள். எங்கள் ஊர் மன்னார்த் தீவின் வடக்குக் கரையில், ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட இருக்கிறது. அங்கே ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. சனி பின்னேரம் கணக்குத் தீர்ப்பது வழக்கம். மீன் வாங்கினவர் வள்ளக்காரருக்கும், வள்ளக்காரர் கூட வந்தவர்களுக்கும், அவர்கள் கடைக்கும் என்று பொழுது படுவதற்குள் எல்லாம் கைமாறிவிடும். அப்படித் தீர்க்க முடியாதவர் மறுநாள் நன்மை எடுக்கக்கூடாது. இதை எந்தச் சுவாமியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்த சுவாமிமார் எல்லோரும் இது பிழையான விளக்கம் என்றுதான் பிரசங்கம் வைத்திருக்கிறார்கள். சனம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தீர்க்காதவர் இருந்தபடியே இருப்பார். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அப்படி எழும்பாமல் இருக்கிறவரிடம் அந்தக் கிழமை ஒருவரும் போய்க் காசு கேட்கக்கூடாது. தான் மறக்கவில்லை என்று அவர் ஊருக்கு முன்னால் சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் அக்கா ஒருநாளும் இருந்ததில்லை. அத்தான் கடலுக்குப் போய் வராமலே போன வருடம்கூட இருந்ததில்லை. வள்ளம் மட்டும் குண்டு துளைத்தபடி கரையொதுங்கியது. யார் சுட்டது என்று கேட்கப் போன இடங்களில் எல்லாம் நாளைக்கு வா என்றார்கள். அவள் நாளைக்குப் போகவில்லை. கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு நண்டு சேர்த்துக் கொடுக்கும் வேலையைப் பிடித்தாள். கரையில் ஒரு கொட்டில், மூன்று பெரிய அலுமினியக் கிடாரம், அவிக்கவும் அடுக்கவும் நாலைந்து பெண்கள். நண்டு வலைக்காரர்கள் நேவியிடம் அடையாள அட்டையைக் கொடுத்து பாஸ் வாங்கிக் கடலுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி, நேரே அவளுடைய கொட்டிலுக்குத்தான் வருவார்கள். கொம்பனி லொறி ஐஸ் கொண்டுவந்து, ஐஸ் உருகாத றெஜிபோம் பெட்டிகளில் நண்டை ஏற்றிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை பட்டணத்து வங்கியில் கொம்பனிக் காசு விழும். சனி பின்னேரம் அக்காவின் கொட்டில் வாசலில் கரை முழுக்க நிற்கும்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது அவளே சொன்னாள்.

"போன வெள்ளிக்கும் வரேல்லை, கைக்காசிலதான் தீர்த்தனான். இந்த வெள்ளிக்கும் வரேல்லை."

"கொம்பனி என்ன சொல்லுது?"

"வரும் எண்டு சொல்லுது. கர்த்தரும் வருவன் எண்டுதான் சொன்னவர்."

அக்காவின் மகள், என் பெறாமகள், எங்களுக்கு முன்னால் ஓடிப் போய்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் கொழும்பிலிருந்து வந்திருந்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு தள்ளி அவளுக்கு முதல் நன்மை. மதவாச்சிச் சோதனைச்சாவடியில் ரோட்டை எப்போது பூட்டுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று ஆண்டவனுக்கும் தெரியாத காலம் அது. வன்னிக்குள் சண்டை போய்க்கொண்டிருந்தது. அதனால் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் நன்மை எடுக்கிற பிள்ளையின் கையைப் பிடித்துத் தாய் கூடப் போய், பிள்ளைக்குப் பின்னால் தானும் எடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை தைத்து, தலைக்கு நெட்டு வலை, பூமுடி, மெழுகுதிரி எல்லாம் அலுமாரிக்குள் இருந்தன. அக்கா எழும்பினால்தானே பிள்ளையோடு போகலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. பேசாவிட்டாலும் அதுதான் பேச்சு.

நான் கொழும்பில் பார்த்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் நாடு வெளிநாட்டு வங்கிகளை எவ்வளவு நம்பி நிற்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. அந்த வருடம் பெரிய நாடுகளின் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் கண்டன. அவை இங்கே கொடுத்த கடனைத் திருப்பி இழுத்தால் எங்களில் யார் விழுவார், எவ்வளவு விழுவார் என்று எங்கள் ஆராய்ச்சிக் கந்தோர் கணக்குப் போட்டது. எந்த வங்கி எங்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்தது, எங்கள் வங்கிகளுக்குக் கொடுத்தது, பெரிய கொம்பனிகளுக்குக் கொடுத்தது என்று ஒரு நீட்டு அட்டவணை. இடதுபக்கம் வங்கிகள், மேலே வாங்கினவர்கள். கடைசி நிரல் 'ஏனையோர்'. அதற்குக் கீழே போட வேண்டிய சொல்லையும் எங்கள் தலைவரே தந்திருந்தார்: புறக்கணிக்கத்தக்கது. மன்னாரில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் புதிதில்லை. அரசாங்கம், இயக்கம், வெள்ளைக்காரன் எல்லோரும் அவரவர் பாஷையில் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனதுதான்.

திங்கட்கிழமை பட்டணத்துக்குப் போய், கொமினிகேஷன் கடையிலிருந்து கொம்பனிக்குப் பேசினேன். என் பேரைச் சொல்லவில்லை, கந்தோரின் பேரைச் சொன்னேன். அதற்கு மரியாதை இருந்தது. மனேச்சர் நல்ல மனுசன். மறைக்கவில்லை. நண்டை வாங்கிற வெளிநாட்டுக்காரன் சாமான் கப்பல் ஏறியதும் அவனுடைய வங்கியின் பொறுப்பில் காசு தருவான், அந்த வங்கி இப்போது பொறுப்பெடுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டது என்றார். வாங்கிறவன் வாங்கவில்லை. இரண்டு கிழமை நண்டு கொழும்புக் குளிரறையில் கிடக்கிறது, கரண்டுக் காசு வேறு ஏறுகிறது.

"எந்த வங்கி?" என்று கேட்டேன்.

அவர் பேரைச் சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. என் அட்டவணையில் இரண்டாவது வரி அது. அதன் பெயரை எத்தனை தடவை தட்டெழுதியிருப்பேன்! அதற்கு நேரே போய், கடைசி நிரலில் அந்தச் சொல்லைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அந்தப்பக்கம் மனேச்சர் ஹலோ ஹலோ என்றார். கடலே கதி என்று இருக்கிற எங்கள் கரையில், அந்த வங்கி இருக்கிற நகரத்தின் பேரைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

அடுத்தது எங்கள் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், கெட்டவர் இல்லை.

"அட்டவணை நல்லா வந்திருக்கு," என்றார். "மேலிடத்திலயும் சந்தோசம். எங்களுக்குப் பெரிசா ஒண்டும் வராது எண்டு அறிக்கை போட்டாச்சு."

"ஐயா, இரண்டாவது வரியில இருக்கிற வங்கி எங்கட ஊரை அடிச்சுப்போட்டுது."

"உங்கட ஊரில அது ஆருக்குக் கடன் குடுத்தது?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"உங்கட ஊர்ச் சனம் அதில காசு போட்டதோ?"

"இல்லை."

"அப்ப எங்கட அட்டவணையில அது வராதுதானே." பொறுமையாகத்தான் சொன்னார். "லீவில நிக்கிறீர். மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதையும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. நாங்கள் படித்த முறைப்படி கேள்வி சரி, பதில் சரி, கூட்டல் சரி. அந்தச் சரியான அட்டவணைக்குள் என் அக்கா இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் நண்டுக் கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவங்களுக்கு எங்களோட என்ன கோவம்?"

"கோவம் ஒண்டும் இல்லை அக்கா. எங்களை அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாமலே செய்யலாமோ?" என்று கேட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். ஷெல் அடிக்கிறவனுக்காவது இந்தத் திசையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும் என்று நான் நினைத்தேன்.

அந்தக் கிழமை லொறியும் வரவில்லை. ஐஸ் இல்லை. வலைக்காரர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள், பிறகு பிடித்ததை ஊருக்குள்ளேயே விற்றார்கள். யாருக்கு விற்பது? எல்லோரும் நண்டுக்காரர். வெளிநாட்டு மேசைக்கென்று ஒதுக்கி வைத்த பெரிய பெரிய நண்டுகளெல்லாம் எங்கள் சட்டிக்கு வந்தன. காலையில் நண்டுக் குழம்பு, மத்தியானம் நண்டு வறை, இரவு புட்டுக்கும் நண்டு. கப்பல் ஏறுகிற சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம், நாங்களும் பெரிய ஆட்கள்தான் என்று சனம் பகிடி விட்டது. பட்டணத்துக்குக் கொண்டுபோனவர்களும் காவல்நிலைகளில் மறிபட்டு மறிபட்டு, பழுதாகி மணத்த நண்டோடு திரும்பி வந்தார்கள்.

என் சேமிப்பில் இருந்ததைத் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"ஆருக்குக் குடுக்க, ஆரை விட? ஒராளுக்குக் குடுத்து ஒராளுக்குக் குடுக்காமல் எழும்பேலாது."

இரண்டாவது ஞாயிறு சுவாமியார் பிரசங்கத்தை அதற்கென்றே ஒதுக்கினார். இயலாமை பாவமில்லை, கொடுக்க மனமில்லாததுதான் பாவம், அடுத்த கிழமை பிள்ளைகளின் நாள், எல்லாரும் வர வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். சனம் தலையாட்டியது. நன்மை நேரம் நான் வரிசையில் நின்று வாங்குகளைப் பார்த்தேன். எழும்பாமல் இருந்தது அக்கா மட்டும் இல்லை. போன கிழமை அவளைக் கடந்து போன வள்ளக்காரர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். அவள் தராததால் அவர்கள் கூட வந்தவர்களுக்குத் தரவில்லை. பலசரக்குக் கடைக்காரர் இருந்தார். அவருக்குப் பின்னால் அவருக்குப் பாண் போடுகிற மனுசன் இருந்தார். நண்டு அவிக்கிற பெண்கள் நாலு பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள், அவர்களும் யாருக்கோ கொடுக்க வேண்டியிருந்திருக்கும். எனக்குப் பயம் பிடித்தது. ஒரு ஞாயிறுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது வாங்கு வாங்காகத் தாண்டி வந்திருந்தது. கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். நான் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். விழுந்ததைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் பட்டணத்து வங்கி திறக்க முன்னமே போய் நின்றோம். ஒரு பகுதியாவது போடப் பார்க்கிறேன் என்று மனேச்சர் சொல்லியிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் மூன்று தரம் பார்த்துவிட்டு, பின்னேரம் வரைக்கும் இருந்து பாருங்கோ என்றாள். பின்னேரம் வரை இருந்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் லொறிச் சத்தம் கேட்டது. கரை முழுக்க ஓடி வந்தது. அக்கா அள்ளி முடிந்த தலையோடு வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அத்தான் இருந்த காலத்துக்குப் பிறகு நான் கண்டதில்லை. லொறி ஓட்டுகிறவர் எங்கள் தீவின் தாராபுரத்து முஸ்லிம் மனுசன். தொண்ணூறில் இயக்கத்தால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்து திரும்பி வந்தவர். இறங்கினவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தங்கச்சி, பெட்டியளை எடுக்க வந்தனான்," என்றார்.

"என்ன பெட்டி?"

"றெஜிபோம் பெட்டி. கிடாரமும் கொம்பனிச் சாமானாம். எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கு." பிறகு மெல்லச் சொன்னார். "எனக்கும் இந்த மாசச் சம்பளம் தரேல்லை. அல்லாஹ்தான் பாக்கவேணும்."

ஒருவரும் கத்தவில்லை. சண்டைக்குப் போகவில்லை. நண்டு கொடுத்துக் காசு கிடைக்காத அதே வலைக்காரர்கள்தான் பெட்டிகளைத் தூக்கி லொறியில் அடுக்கினார்கள். அக்கா தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த கிடாரங்களைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய நகரத்து வங்கி ஒன்று விழுந்தால் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் ஆட்கள் காகிதப் பெட்டியோடு நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எங்கள் கொட்டிலில் இருந்து நண்டு மணக்கிற பெட்டிகள் போனதை யாரும் காட்டவில்லை.

மறுநாள் முதல் நன்மை. பிள்ளைகள் வெள்ளையும் முடியுமாக முன்வரிசையில் இருந்தார்கள். பெறாமகள் அடிக்கடி திரும்பித் திரும்பித் தாயைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. ஒவ்வொரு பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வர வேண்டும் என்று சுவாமியார் கூப்பிட்டார். அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீ போ. பிள்ளையோட நில்."

"அக்கா, இண்டைக்கு மட்டும்..."

"போ எண்டுறன்."

போனேன். பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது. அவள் எடுத்தாள், பிறகு நான் எடுத்தேன். எடுத்துவிட்டு, வாயில் அப்பத்தோடு, திரும்பினேன்.

பீடத்தடியில் நின்று அந்தக் கோயிலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாங்குகள் நிறைந்திருந்தன. ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தனியே நடந்து வந்தன. எழும்பி நின்றவர்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர், ஆஸ்பத்திரித் தாதி, கிராம சேவகர், நான். அரசாங்கச் சம்பளக்காரரும் கொழும்புச் சம்பளக்காரியும். மற்ற எல்லோரும் புதுச் சீலையும் வெள்ளைச் சேட்டுமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தார்கள். சுவாமியார் பாத்திரத்தோடு காத்து நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு பாத்திரத்தை மூடினார். நாங்கள் மாதக்கணக்காக அளந்து அளந்து இல்லை என்று எழுதினது அத்தனையும் என் கண் முன்னால் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிள்ளைக்குக் கோப்பையில் பால் கொடுத்தாள். பிள்ளை குடிக்கவில்லை. முடியைக் கழற்றவும் விடவில்லை. என்னைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"சித்தி, ஒருத்தரும் ஏன் எழும்பேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"ஏன்?"

"நான் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில ஒண்டை மறைச்சுப்போட்டன்." விக்கினாள். "கொம்பனிக்காரன்ர பெட்டிக்குள்ள இருந்து ஒரு நண்டுக் கால் எடுத்துத் திண்டனான். அதுதான் காசு அனுப்பேல்லை. அதுதான் பெட்டியையும் கொண்டுபோட்டாங்கள். அம்மாவில பிழை இல்லை, சித்தி. நான்தான்."

கதவுக்கு அந்தப்பக்கம் அக்கா நின்றிருக்கிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, வெள்ளைச் சட்டை கசங்கக் கசங்கப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அந்த வங்கி பிறகு அடியோடு விழுந்தது; அதைப் பற்றி நான் வாசிக்காத அறிக்கை இல்லை, போகாத கூட்டம் இல்லை. அது தன் பிழை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.